ஆளுக்கு ஒண்டில்லை, ஆளுக்கு மூண்டும்

கதை தொடங்கினது ஒரு மத்தியானம், சாப்பாட்டு மேசையில். எங்கள் கந்தோரில் எட்டுப் பேர் ஒன்றாக இருந்துதான் பார்சலை அவிழ்ப்போம். அண்டைக்கு ஒருவர் போனில் ஒரு படத்தைக் காட்டினார். 2018 பெப்ரவரியில் கொழும்பில் முதல்தடவையாக நடந்த அயன்மேன் 70.3 போட்டியின் படம். 1.9 கிலோமீற்றர் நீந்தி, 90 கிலோமீற்றர் சைக்கிள் ஓடி, அதற்குப் பிறகு 21.1 கிலோமீற்றர் காலால் ஓடி முடிக்கவேண்டும். "உது விசரன்ரை வேலை" என்று சிரித்தோம். "இல்லையடாப்பா, இப்பிடியான போட்டியளிலை ரிலேயும் இருக்கு. மூண்டு பேர் சேர்ந்து ஆளுக்கு ஒண்டு செய்யலாம்" என்றார் அவர்.

அந்தச் சொல்லோடு எங்களுக்கு ஆசை வந்துவிட்டது. ஐந்து நிமிடத்துக்குள் ரீம் போட்டாயிற்று. ஒவ்வொரு நாளும் கொக்குவிலில் இருந்து சைக்கிளில் வருகிறவர் சைக்கிளுக்கு. பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில் 1500 மீற்றர் ஓடினவர் ஓட்டத்துக்கு. "நீச்சலுக்கு ஆர்?" என்று ஒருவர் கேட்க, எல்லாரும் ஒரே ஆளைத் திரும்பிப் பார்த்தோம். கந்தோர் வாகனத்தின் சாரதி அண்ணையை. ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அவர் கடற்கரை ஊர்க்காரர்.

அண்ணை சோற்றைக் குழைத்தபடி சொன்னார்: "நீந்துவன். அதிலை ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனா ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லையே. எனக்கு ஓடத்தான் விருப்பம்."

மேசை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. இந்தக் கட்டுரை அந்த அமைதியைப் பற்றியதுதான். ஐந்து மாதமாகச் சேர்ந்து பயிற்சி செய்கிறோம். இன்னும் ஒரு போட்டியிலும் நாங்கள் இறங்கவில்லை. ஆனாலும் ஒரு விசயத்தில் எங்களுக்குத் தெளிவு வந்திருக்கிறது. வேலைத்தலங்களில் சேர்ந்து ட்ரையத்லன் செய்யுங்கோ, கட்டாயம் செய்யுங்கோ. ஆனால் ஆளுக்கு ஒன்று என்று பிரிக்காதேங்கோ. தூரத்தைக் குறைத்து, ஆளுக்கு மூன்றையும் செய்யுங்கோ.

ட்ரையத்லன் என்றவுடன் பலருக்கு இரும்பு மனிதர்கள்தான் ஞாபகம் வருவார்கள். ஆனால் இதன் பிறப்பே எங்கள் மத்தியானக் கதை மாதிரியான ஒரு வாய்க்காசு வாதத்தில்தான். ஓட்டக்காரனா, நீச்சல்காரனா, சைக்கிள்காரனா உடல்தகுதியில் பெரியவன் என்று ஹவாயில் ஒரு வாதம் எழ, அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜோன் கொலின்ஸ் அந்தத் தீவில் ஏற்கெனவே தனித்தனியாக இருந்த மூன்று நீண்டதூரப் பாதைகளையும் ஒன்றாக இணைத்து ஒரே நாளில் முடிப்போம் என்றார். 1978 பெப்ரவரியில் 15 பேர் தொடங்கினார்கள், 12 பேர் முடித்தார்கள். அதுதான் முதல் அயன்மேன். அதற்கு முன்னரே, 1974 செப்டெம்பரில், கலிபோர்னியாவின் சான் டியாகோவில் ஒரு ஓட்டக் கழகம் ட்ரையத்லன் என்ற பெயரில் சின்னதாக ஒரு போட்டி நடத்தியிருந்தது. 2000 ஆம் ஆண்டு சிட்னியில் இது ஒலிம்பிக்குக்கும் வந்தது. அங்கே 1.5 கிலோமீற்றர் நீச்சல், 40 சைக்கிள், 10 ஓட்டம். அதன் அரைவாசி, 750 மீற்றர், 20 கிலோமீற்றர், 5 கிலோமீற்றர் என்பது ஸ்பிரின்ட். அதையும் குறைத்து வைத்துக்கொள்ளலாம். தூரம் எவ்வளவு என்பதில் ஒரு கௌரவமும் இல்லை. ஒரே ஆள் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்கிறார் என்பதுதான் விளையாட்டு.

அப்படியானால் ரிலேயில் என்ன பிழை? போட்டியாகப் பார்த்தால் ஒரு பிழையும் இல்லை. ஆனால் பயிற்சியாகப் பார்த்தால், ரிலேயில் ஒருவரும் ஒன்றும் புதிதாகப் படிப்பதில்லை. தெரிந்தவர் தெரிந்ததைச் செய்கிறார். தெரியாதவர் கரையில் நின்று கைதட்டுகிறார். எங்கள் எட்டுப் பேரில் மூன்று பேர் பெண்கள். அண்டைக்குப் போட்ட ரீமில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. அவர்களுக்கு என்ன வேலை என்று யோசித்தபோது எங்கள் வாயிலிருந்து வந்தது இதுதான்: "படம் எடுக்கலாம், தோடம்பழம் வெட்டிக் குடுக்கலாம்." சொன்னவர்களுக்கே இப்போது வெக்கமாக இருக்கிறது.

இன்னும் ஒன்று. யாழ்ப்பாணம் நெடுங்காலமாக ஒரு ரிலேதான் ஓடிக்கொண்டிருக்கிறது. கடல் இன்னாருக்கு, தோட்டம் இன்னாருக்கு, கந்தோர்க் கதிரை இன்னாருக்கு. ஆள் மாறி ஆளுக்குத் தடியைக் கொடுக்கிறோம், ஆனால் ஒருவர் இடத்தில் மற்றவர் நிற்பதில்லை. கடலுக்குள் இறங்குவது "அவையின்ரை" வேலை என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் எங்களிலும் இருக்கிறோம். அந்த "அவை" ஆர் என்று விளங்கப்படுத்த வேண்டிய தேவை இஞ்சை ஒருத்தருக்கும் இல்லை. சாதி என்ற சொல்லைச் சொல்லாமலேயே அது வேலை செய்யும். அண்டைக்கு மேசையில் நாங்கள் எல்லாரும் ஒரே பக்கம் திரும்பினதும் அப்படித்தான்.

சைக்கிளை எடுங்கோ. சைக்கிளில் நாங்கள் ஒருத்தருக்கும் குறைந்தவர்கள் இல்லை. 90களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் குடாநாடு சைக்கிளில்தான் நடந்தது. விறகும் நோயாளியும் மூட்டையும் அதில்தான் போனது. மின்சாரம் இல்லாத வீட்டில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றி றேடியோவில் செய்தி கேட்டோம் என்று அப்பாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோதும், உருட்டிக்கொண்டு போன சைக்கிளில்தான் பல வீடுகளின் மிச்சம் இருந்தது. 2022 இல் பெற்றோல் இல்லாமல் நாடு வரிசையில் நின்றபோது பழைய லுமாலாக்களைக் கழுவி, ரியூப் மாற்றி, திரும்ப எடுத்தோம். ஊரும் தட்டை நிலம், ஏற்ற இறக்கம் இல்லை. எங்களுக்கு மலை என்றால் அது காற்றுத்தான். சோளகம் வீசுகிற மாதங்களில் பருத்தித்துறையில் இருந்து திரும்பி வரும்போது வல்லை வெளியில் எதிர்க்காற்றுப் பிடித்தால் எந்த மலைக்கும் அது குறைவில்லை.

ஓட்டமும் அப்படித்தான். பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில் ஒருக்காவாவது ஓடாதவர் இல்லை. எங்கள் பேச்சில் சைக்கிளும் ஓடுறதுதான், காலாலையும் ஓடுறதுதான். இரண்டுக்கும் ஒரே சொல். நீந்துறது மட்டும் தனியாக நிற்கிறது.

மூன்று பக்கமும் கடலும் ஒரு பக்கம் நீரேரியுமாக இருக்கிற நிலத்தில் பிறந்து, எட்டுப் பேரில் ஆறு பேருக்கு நீந்தத் தெரியாது. இது எங்கள் கந்தோரின் விசேசம் என்று நாங்கள் நினைக்கவில்லை. உங்கள் வேலைத்தலத்தில் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ. குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் வரும். ஆற்றங்கரைப் பிள்ளை மாதிரி விளையாட்டாகப் படிக்க வழியில்லை. கிணறு ஆழம், குளம் சேறு. கடல் இருந்தது, ஆனால் எங்கள் தலைமுறைக்கு அது கிட்ட இருக்கவில்லை. யுத்தகாலத்தில் கரையோரம் முட்கம்பியும் காவலரணும். மீன்பிடிக்கே நேரமும் பாஸும் கட்டுப்பாடும். 1990 இல் வலிகாமம் வடக்கில் இருந்து எழும்பின கடற்றொழில் குடும்பங்களின் பிள்ளைகள் உள்ளூரில் முகாம்களில் வளர்ந்தார்கள். மயிலிட்டித் துறைமுகம் 2017 ஆடியில்தான் விடுபட்டது. 27 வருசம் என்பது ஒரு பிள்ளை பிறந்து, நீந்தப் படிக்காமலே வளர்ந்து, தானும் ஒரு பிள்ளைக்குத் தாயாகக் காணும். ஆகவே "கடற்கரை ஆக்கள் எண்டால் நீந்துவினம்" என்ற எங்கள் நினைப்பும் பாதி பிழை.

பிறகு 2004 மார்கழி 26. எங்களில் ஒருத்தி உடுத்துறைப் பக்கம். நீச்சலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கின முதல் கிழமை அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் கிழமை, "நான் சைக்கிளும் ஓட்டமும் செய்யிறன், தண்ணி வேண்டாம்" என்றாள். நாங்கள் ஏன் என்று கேட்கவில்லை. ரிலே என்றால் அதோடு விசயம் முடிந்திருக்கும். அவளுக்கும் அது சுகமாக இருந்திருக்கும். அந்த இடத்தில்தான் ஆளுக்கு மூன்று என்ற கொள்கை சரியா என்று எங்களுக்கே சந்தேகம் வந்தது. அவளைப் பற்றிப் பிறகு சொல்லுகிறோம்.

நீச்சலில் எங்களுக்கு வரலாறு இல்லை என்றும் சொல்ல ஏலாது. தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954 இல் வல்வெட்டித்துறையில் இருந்து கோடிக்கரைக்கு நீந்திப் பாக்கு நீரிணையைக் கடந்தார். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 பங்குனியில் தலைமன்னாரில் இருந்து தனுஷ்கோடிக்குப் போய், அங்கே தங்காமல் 51 மணித்தியாலத்தில் நீந்தித் திரும்பினார். இந்தச் சாதனை 50 வருசம் நின்றது. 2021 ஏப்ரலில் விமானப்படை வீரர் ரொஷான் அபேசுந்தர அதே தூரத்தை 28 மணித்தியாலம் 19 நிமிடத்தில் முடித்தார். ஆனந்தன் நீச்சலோடு நிற்கவில்லை என்பதை நாங்கள் மறந்துவிடுகிறோம். அவர் சட்டத்தரணி. 1979 மேயில் கொழும்பில் 187 மணித்தியாலத்துக்கு மேல் நிறுத்தாமல் சைக்கிள் ஓடி உலக சாதனை செய்தவரும் அவர்தான். 1984 ஓகஸ்ட் 6 அன்று ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோது இறந்துபோனார். ஒரு உத்தியோகம், அதோடு கடல், அதோடு சைக்கிள். ஆளுக்கு ஒன்று என்று அவர் இருக்கவில்லை.

வல்வெட்டித்துறையில் அவர் பெயரில் ஒரு நீச்சல் தடாகம் இருக்கிறது. பெயர் வைத்தது நல்லது. ஆனால் அவர்களின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவதும் ஒரு வகை ரிலேதான் என்று எங்களுக்கு இப்போது படுகிறது. அவை எங்களுக்காக நீந்திப்போட்டினம், நாங்கள் கரையிலை நிண்டு கைதட்டுறம்.

சரி, எப்படிப் படித்தோம்? ஞாயிறு விடியக் காரைநகர் கசூரினாவுக்குப் போனோம். அங்கே தண்ணீர் நெடுந்தூரத்துக்கு ஆழமில்லாமல் இருக்கும். சாரதி அண்ணைதான் வாத்தியார். முதல் மூன்று கிழமையும் ஒருவரையும் நீந்த விடவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று, முகத்தை உள்ளே வைத்து, மூச்சை வெளியே விடவேண்டும். அவ்வளவுதான். "மூச்சைப் பிடிக்காதேங்கோ, விடுங்கோ, விடுங்கோ" என்று கத்திக்கொண்டே இருப்பார். பிறகு வாசித்துப் பார்த்தபோதுதான் அதன் காரணம் விளங்கியது. மூச்சை அடக்கி வைத்தால் உடம்பில் காபனீரொட்சைட்டு சேர்கிறது. அது கூடக் கூட மூளை "மூச்சு, மூச்சு" என்று பதறும். ஒட்சிசன் குறைய முந்தியே அந்தப் பதற்றம் வந்துவிடும். தண்ணீருக்குள் மெல்ல மெல்ல ஊதி விடப் பழகினால் அரைவாசிப் பயம் அங்கேயே கழன்றுவிடும். அண்ணைக்கு இந்த விஞ்ஞானம் தெரியாது. அவருடைய தகப்பன் அவருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாராம்.

அந்த முதல் நாள் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் முகாமையாளர் அண்ணையை விட ஐந்தாறு வயது இளையவர். கந்தோரில் அவர் அண்ணையைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார், அண்ணை அவரைச் "சேர்" என்பார். மிதக்கப் பழகும்போது அண்ணை அவரின் முதுகுக்குக் கீழே கை கொடுத்துப் பிடித்திருந்தார். கையை எடுக்கப் போகிறேன் என்றவுடன் சேர் கத்தினார்: "அண்ணை, அண்ணை, விட்டுடாதேங்கோ!" கரையில் நின்றவர்கள் சிரித்தோம். திங்கட்கிழமை கந்தோரில் சேர் திரும்பவும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்றுதான் எதிர்பார்த்தோம். "அண்ணை, வாகனத்தை ஒருக்கா எடுங்கோ" என்றார். ஒரு சொல் மாறினதால் சம்பளம் மாறவில்லை, அதிகாரம் மாறவில்லை. ஆனாலும் அது மாறினதை எல்லாரும் கவனித்தோம். ஆளுக்கு ஒன்று என்று பிரித்திருந்தால் சேர் தண்ணீருக்குள் இறங்கியிருக்கவே மாட்டார்.

அதே மாதிரி, மற்றப் பக்கமும் உண்டு. ஓட்டத்தில் அண்ணை மாணவன். ஓ.எல். எடுக்காமல் இடையில் நின்றவர், பள்ளிக்கூட மைதானத்தில் ஓடினது பதினைந்து வயதில். எங்களில் ஆக இளைய பெடியன் அவருக்கு அட்டவணை போட்டுக் கொடுத்தான். இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, அதை எட்டுத் தரம். இப்போது நாலு கிலோமீற்றர் நிற்காமல் ஓடுகிறார். சைக்கிளால் இறங்கின உடனே ஓடுகிற பயிற்சியில் எல்லாரும் ஒரே மட்டம்தான். பெடலை வட்டமாக மிதித்துப் பழகின கால் திடீரென்று நிலத்தை உதைக்கவேண்டி வரும்போது மரக்கட்டை மாதிரி இருக்கும். முதல் ஐந்து நிமிடம் எட்டுப் பேரும் நொண்டிக் குதிரைகள்தான்.

பெண்களுக்கு இதெல்லாம் இவ்வளவு லேசாக இருக்கவில்லை. கீரிமலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஆண்களின் கேணி பெரியது, கடலைப் பார்த்தபடி திறந்து கிடக்கும். பெண்களின் கேணி சிறியது, மதிலுக்குள். அது தீர்த்தம், அந்தப் பேச்சு வேறு. ஆனால் தண்ணீர் என்று வரும்போது ஊர் எப்படி இடம் பிரித்து வைத்திருக்கிறது என்பதற்கு அது நல்ல படம். கடற்கரையில் பெண்கள் முழுக்கை ரீ சேட்டும் நீளக் காற்சட்டையும் போட்டு இறங்கினாலும் எங்கிருந்தோ ஒரு போன் அவர்கள் பக்கம் திரும்பும். ஒரு நாள் நாலு பெடியள் எடுத்தார்கள். நாங்கள் போய்க் கதைத்து அழிக்க வைத்தோம். அதற்குப் பிறகு விடிய ஐந்தரைக்கே போய் ஏழு மணிக்கு முன்னம் வெளியே வந்துவிடுகிறோம். இது தீர்வில்லை என்று எங்களுக்குத் தெரியும். பிழை செய்தவர்கள் பிந்தி எழும்ப, பிழை செய்யாதவர்கள் முந்தி எழும்புகிறோம்.

முந்தி எழும்புவதிலும் கணக்கு ஒன்றில்லை. ட்ரையத்லன்காரர் நீச்சலில் இருந்து சைக்கிளுக்கும், சைக்கிளில் இருந்து ஓட்டத்துக்கும் மாறுகிற அந்த ஒரு நிமிடத்தை நாலாவது போட்டி என்பார்கள். எங்கள் கணக்குப் பிரிவு அக்கா சொன்னா: "எனக்கு நாலாவது போட்டிதான் முதல் வருது." பயிற்சி நாளில் ஆண்களுக்கு வீட்டில் ஆரோ எழும்பித் தேத்தண்ணி போட்டுக் கொடுக்கிறார்கள். அக்கா மூன்றரைக்கு எழும்பி நாலு பேருக்கு இடியப்பம் அவித்து, சம்பலும் அரைத்து வைத்துவிட்டு வருகிறா. சேர்ந்து பயிற்சி செய்யவேண்டும் என்றால் அந்த வேலையையும் சேர்த்துத்தான் கதைக்கவேண்டும். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டை எட்டு வீட்டில் முறை வைத்து எடுத்துவருகிறோம், அக்காவின் வீட்டாருக்கும் சேர்த்து. ஆண்களின் முறை வந்தால் அவர்கள்தான் செய்யவேண்டும், கடையில் வாங்க ஏலாது. முதல் கிழமை புட்டு கல்லாக இருந்தது. சாப்பிட்டோம்.

எங்களோடு உடன்படாதவர்கள் சொல்வதையும் இங்கே வைக்கிறோம். ஒன்று: "எல்லாரும் எல்லாம் செய்யப் போனால் ஒண்டிலும் கெட்டிக்காரர் வராது, பரிசும் வராது." உண்மை. பரிசுதான் நோக்கம் என்றால் ரிலேயில் போங்கோ. இரண்டு: "உது காசுக்காரற்றை விளையாட்டு." பாதி உண்மை. பெரிய பெயர்ப் போட்டிகளின் நுழைவுக் கட்டணமும் காபன் சைக்கிளும் எங்கள் சம்பளத்துக்கு எட்டாதவை. ஆனால் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்ய அந்தப் போட்டி தேவையில்லை. எங்களிடம் இருப்பது சாதாரண சைக்கிள், தலைக்கவசம், நீச்சல் கண்ணாடி, மிதவைக்கு லொறி ரியூப். மூன்று: "கடலிலை விளையாட்டு வேண்டாம்." இதைத்தான் நாங்கள் ஆகக் கவனமாக எடுக்கிறோம். 2021 இல் மட்டும் உலகில் கிட்டத்தட்ட 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்கள் பத்திரிகைகளிலும் சுற்றுலா போன இடத்தில், கோயில் தீர்த்தத்தில், குளத்தில் என்று அந்தச் செய்தி வந்தபடிதான் இருக்கிறது. கடலை விட்டு விலகி நின்றதால் நாங்கள் பாதுகாப்பாக இருக்கவில்லை. தெரியாமல் இறங்குகிறோம், அவ்வளவுதான். ஆகவே எங்களுக்குச் சில சட்டங்கள் உண்டு. தனிய இறங்குவதில்லை. கரைக்குச் சமாந்தரமாக, எழும்பி நின்றால் நெஞ்சுக்கு மேல் வராத தண்ணீரில்தான் நீச்சல். பக்கத்தில் ஒரு படகு நிற்கும், படகுக்காரருக்குக் கூலி கொடுப்போம். வாடைக்காற்றுத் தொடங்கினால் கடல் இல்லை. சொறி வந்திருக்கு என்று தொழிலுக்குப் போறவர்கள் சொன்னால் அண்டைக்கும் இல்லை.

அந்த உடுத்துறைப் பிள்ளையைப் பற்றிச் சொல்லுகிறோம் என்றோம். நாங்கள் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. மூன்றும் என்பதை ஆளுக்கு ஆள் அளந்து வைத்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தோம். தூரத்தைக் குறைக்கலாம், நாளைத் தள்ளலாம். இடத்தை மட்டும் எடுத்துவிடக்கூடாது. "உனக்கு நீச்சல் இல்லை" என்று நாங்களாக அட்டவணையில் வெட்டிவிடக்கூடாது. ஐந்தாம் கிழமையில் இருந்து அவள் கரை வரைக்கும் வந்தாள். எட்டாம் கிழமை கணுக்கால். பன்னிரண்டாம் கிழமை, வாத்தியாராக அண்ணை வேண்டாம், அக்கா பிடிக்கட்டும் என்றாள். அக்காவுக்கே அப்போதுதான் மிதக்கத் தெரியும். இரண்டு பேரும் கையைப் பிடித்தபடி முழங்கால் தண்ணீரில் இருந்தார்கள். போன ஞாயிறு அவள் முகத்தை உள்ளே வைத்து மூச்சை விட்டாள், எண்ணி ஆறு தரம். அதற்கு மேல் இண்டைக்கு வேண்டாம் என்றாள். அவள் 300 மீற்றர் நீந்துவாளா என்று தெரியாது. நீந்தாவிட்டால் அந்த ஆறு மூச்சுத்தான் அவளுடைய முதல் பகுதி. அதை முடித்துவிட்டுச் சைக்கிளில் ஏறலாம்.

இனி நாங்கள் கேட்பது. ஒலிம்பிக்கில் கலப்பு ரிலே என்று ஒரு போட்டி இருக்கிறது. 2021 இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் முதலில் வந்தது. ஒரு ரீமில் இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள். அதில் ஒவ்வொருவரும் மூன்றையும் செய்துவிட்டுத்தான் அடுத்தவர் கையைத் தட்டவேண்டும். ஏறக்குறைய 300 மீற்றர் நீச்சல், 7 கிலோமீற்றர் சைக்கிள், 2 கிலோமீற்றர் ஓட்டம். ரிலே வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல ரிலே இல்லை. குடாநாட்டில் வங்கிகள் இருக்கின்றன, பிரதேச செயலகங்கள், பள்ளிக்கூடங்கள், ஆஸ்பத்திரிகள், கணினி நிறுவனங்கள், கடைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள். கட்டணம் இல்லை, பெயர்ப் பலகை இல்லை, பரிசும் இல்லை. பங்குனி சித்திரையில் கடல் அடங்கியிருக்கிற ஒரு ஞாயிறு போதும்.

அதற்கு முன்னம் இரண்டு விசயம் வேண்டும். உள்ளூராட்சி சபைகளும் பள்ளிக்கூடங்களும் பார்க்கிற தடாகங்களில் வளர்ந்தவர்கள் நீந்தப் படிக்க வேலை முடிந்த பின்னேரங்களில் நேரம் ஒதுக்கவேண்டும். அதில் பெண்களுக்கென்று தனி நேரம், பெண் பயிற்றுநரோடு. நீச்சல் பிள்ளைகளுக்கு மட்டும் என்றால் எங்கள் தலைமுறை கரையிலேயே நின்றுவிடும். இரண்டாவது, எங்களுக்கு நாங்களே சொல்வது. சொல்லித்தர ஆள் தேடிக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. கடற்கரை ஊர்களில் தகப்பனிடம் படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிடுங்கோ, காசு கொடுத்துக் கூப்பிடுங்கோ. கூப்பிட முதல், அவர்களுக்கு எது விருப்பம் என்று ஒருக்காக் கேளுங்கோ.

நாங்கள் அதைக் கேட்காமல் விட்டவர்கள். அண்ணை இப்போது சப்பாத்து வாங்கியிருக்கிறார். இந்த ஞாயிறு நீச்சல் முடிய, கசூரினாவில் இருந்து காரைநகர்ப் பாலம் பக்கம் அவர்தான் முன்னுக்கு ஓடுவாராம். "பிடிக்க ஏலுமெண்டால் பிடியுங்கோ" என்கிறார்.